2,000 வாட் பெருமை

பேஸ் கிட்டாருக்கு ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் காதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அட்டைப்பெட்டியைப் படித்தால் போதும். '2,000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று தங்க எழுத்தில் மின்னும். சுவரிலுள்ள 5 ஆம்பியர் பிளக்கை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,150 வாட்தான் வருகிறது. மீதி 850 வாட்டைத் தயாரிப்பாளர் தன் கைக்காசிலிருந்து போடுகிறார் போலும். மின்வாரியம் இவர்களிடம் இன்னும் பாடம் கேட்காதது நம் துரதிர்ஷ்டம்.

உள்ளே 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. நாலு தந்தி கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். அந்த அடிச்சுருதியை இந்தப் பெட்டி நாகரிகமாகத் தவிர்த்துவிடும். கவலையே வேண்டாம். மேல் அதிர்வுகள் காதில் விழுந்தாலே, விட்டுப்போன அடிச்சுருதியை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒலியியலே அப்படித்தான் சொல்கிறது. ஊரார் மூளை ஓசியில் உழைக்கக் காத்திருக்க, 15 அங்குல ஸ்பீக்கருக்கு எதற்குத் தண்டச்செலவு? சத்தத்தைக் கூட்டினால் பின்பலகை வேறு கடகடக்கும். ஷேக்கர் வாசிக்கிற பையனுக்குச் சம்பளம் மிச்சம்.

ஒரு கல்யாண வரவேற்பில் இத்தகைய ஆம்ப் மூன்றாவது பாட்டிலேயே புகைந்து அடங்கிவிட்டது. கிட்டார்க்காரர் கலங்கவில்லை, விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமா மேடையேறி வந்தார்.

"தம்பி, அந்த பேஸைக் கொஞ்சம் குறைங்க. பேசிக்கவே முடியல."

தம்பி பணிவாகக் குமிழைத் திருப்பினார்.

"ம்… இப்பதான் சரியா இருக்கு."