முடிச்சின்மை: பழைய தூண்டில் கோலைப் புதுப்பித்தல் குறித்து ஓர் ஆய்வு

கோல் கட்டும் கலைக்குப் பழைய தூண்டில் கோலைப் புதுப்பித்தலே தக்க பாயிரம் என்பது இவ்வாய்வின் துணிபு. இதை யாரும் மறுக்கவில்லை. ஆகையால் விரிவாக நிறுவ வேண்டியதாயிற்று. கோலின் உறுப்புகள் நான்கு: தண்டு, பிடி, ரீல் இருக்கை, வளையங்கள். பிடி தக்கையாலானது. ரீல் இருக்கையில் ரீல் இருக்கும். தண்டோ, அமெரிக்க மரபில், மூங்கிலை ஆறு பிளாச்சுகளாகச் சீவி அறுகோணமாக ஒட்டியது. 1840களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த சாமுவேல் பிலிப்பியே இக்கோலின் தந்தை என்பர் அமெரிக்கர். அக்காலத்தில் புழங்கியது கல்கத்தா மூங்கில். சீனத்து டோங்கின் மூங்கில் பிறகு வந்தது. கல்கத்தாவை வைத்து நாமும் உரிமை கொண்டாடலாம், ஒரு கருத்தரங்கு கூட்டினால் போதும். அது நிற்க. பிளாச்சு சீவுவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாத வேலை. தொடக்கக்காரர் அதில் கைவைத்தால் மிஞ்சுவது விறகு.

அப்படியானால் புதுத் தண்டும் வளையங்களும் கடையில் வாங்கிக் கட்டலாமே எனின், அற்றன்று. நுனியை நோக்கிப் போகப் போக வளையங்கள் நெருங்கி வர வேண்டும். எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைப் புதுத் தண்டு சொல்லாது. பழைய கோல் அவ்விடைவெளிகளைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. நுனியிலிருந்து அளந்து குறித்துக்கொண்டு, வளையத்தின் காலுக்கு மேலே மட்டும் பிளேடை ஓட்டி, அதைத் தண்டோடு கட்டிய நூலை அறுக்க வேண்டும். தண்டின்மேல் ஓட்டினால் மூங்கில் நார் வெட்டுப்படும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு அதே நிறத்தில் மறுபடி பூசுவதற்குப் பல்கலைக்கழகங்களில் ‘புதிய பார்வை’ என்று பெயர். தூண்டில்காரர் அதை வார்னிஷ் அடித்தல் என்று சொல்லிவிடுகின்றனர்.

இனி இவ்வாய்வின் உயிர்நிலை. வளையத்தைக் கோலோடு பிணைக்கும் கட்டில் முடிச்சே கிடையாது. நூல் தன் தொடக்க நுனிமேல் தானே ஏறி அதை அமுக்குகிறது. கடைசி ஏழெட்டுச் சுற்றுகளை, மடித்த ஒரு துண்டு நூலின்மேல் சுற்றி, மிஞ்சிய நுனியை அந்த மடிப்புக்குள் கோத்து இழுத்தால், நுனி தன் சுற்றுகளுக்கடியிலேயே புகுந்து மறையும். முடிச்சில்லாதது எங்ஙனம் கட்டாகும் என்பது பரபக்கம். நூல் தனக்குத் தானே சான்றாகி நிற்கிறது என்பது விடை. தம் நூலையே தாம் மேற்கோள் காட்டி முப்பதாண்டு அசையாது நிற்கும் பேராசிரியர்களைக் கண்ட நாட்டில் இதில் ஐயத்துக்கு இடமில்லை. நூலன்று, வார்னிஷே பிடிக்கிறது என்பாரும் உளர். ஈரமும் உராய்வும் நூலை அண்டாமல் காப்பதே வார்னிஷின் முதல் வேலை. இறுக்கமாகச் சுற்றிய கட்டு, பூச்சுக்கு முன்னரே வளையத்தை அசையவிடாது. இந்த மறைந்த நுனியைப் பழைய கட்டை அவிழ்த்தால்தான் கண்ணால் காணலாம். ஆகவே புதுப்பித்தலே பாயிரம் என்னும் துணிபு நிறுவப்பட்டது.

ஒரு சங்கடம் உண்டு. வெள்ளைப் பட்டு நூலில் வார்னிஷ் ஊறினால் நூல் ஏறக்குறைய மறைந்துபோய், வளையம் மூங்கிலில் தானாக ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றும். நூலே இல்லை என்போர்க்கு அது நல்ல பிடி. ஆகவே சிவப்பு நூல் நன்று. சிவப்பும் வார்னிஷ் பட்டால் கருக்கும். கருக்காதிருக்க முதலில் நிறங்காப்புப் பூச்சு வேண்டும். அப்பூச்சு வார்னிஷை நூலுக்குள் இறங்கவிடாது என்று முறையிடுவோர்க்கான மறுப்பு இரண்டாம் தொகுதியில்.