பேய்க்கு மாநிலம் உண்டு

மைசூரு மண்டி மொஹல்லாவில் டீக்கடைக்கு நாலு மொழி உண்டு. ஆகவே ஒரே பேயைப் பற்றி நாலு கட்சியும் உண்டு.

1993-ல் ஃபாசில் மலையாளத்தில் அந்தப் பேயை வைத்து ‘மணிச்சித்திரத்தாழ்’ எடுத்தார். பி. வாசு அதை 2004-ல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆக்கினார். மறு வருஷமே தமிழில் ‘சந்திரமுகி’. 2007-ல் பிரியதர்ஷன் இந்திக்குக் கொண்டுபோய் ‘பூல் புலையா’ என்றார்.

எது உசத்தி? உருதுக்காரர், இந்தியில் பேய் பிடித்தவளாக நடித்த வித்யா பாலன் என்பார். தமிழர் ஜோதிகாவின் கண்ணைச் சொல்வார். மலையாளி, ஷோபனாவுக்குத் தேசிய விருது என்று ஒரே வரியில் முடிப்பார். கன்னடக்காரருக்கு ‘ஆப்தமித்ரா’ நாயகன் விஷ்ணுவர்தன் மைசூரில் பிறந்தவர். வாதம் அங்கேயே தீர்ந்தது.

மூலத்தில் மோகன்லால் ஏறக்குறைய பாதிப் படம் ஓடிய பிறகுதான் தலையைக் காட்டுவார். தமிழில் அது நடக்குமா? ரஜினி முதலிலேயே வந்து ஆட்களைப் பந்தாடினால்தான் பேய்க்கே கால்ஷீட்.

மாறாத விதி ஒன்றுதான்: பேய் உள்ளூராக இருக்கக் கூடாது. மலையாளத்தில் அவள் தஞ்சாவூர்த் தமிழச்சி. கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்குக்காரி. இந்தியில் வங்காளி. நம் வீட்டுப் பெண்ணுக்குப் பைத்தியம் பிடிக்கலாம். பிடிக்கிற பேய் மட்டும் வேறு மாநிலத்திலிருந்துதான் வர வேண்டும்.

இத்தனை ரீமேக்கில் ஒரு பேய்கூடக் கன்னடம் பேசவில்லையே என்பதுதான் மண்டி மொஹல்லாவின் நியாயமான மனக்குறை.