சாவியைக் கடைசியாத் திருகு மாப்ளே!

வா மாப்ளே, உக்காரு. ஷிப்மென்ட்ல ஏதாச்சும் சிக்கல்னா நீ ஆடிட்டர்கிட்டப் போயிருப்பே. என்னைத் தேடி வந்திருக்கிறதப் பார்த்தா, கார் கிளம்பலை. அதானே?

வேப்பமரத்தடியில மாசக்கணக்காக் கிடக்குது அந்தக் கார். ஏன்னு கேட்டா உன்கிட்ட இருந்து உலக அரசியல்தான் பதிலா வருது. 2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரின்னுட்டான், ஆர்டர் சுருங்கிப்போச்சு, செலவைக் குறைக்க ரெண்டாவது காரை ஓரங்கட்டிட்டேன்ங்கிறே. நாயந்தான். ஆனா வரி போட்டது டீ-சர்ட்டுக்கு மாப்ளே. டயருக்குக் காத்தடிக்காதே, பேட்டரியை எட்டிப் பார்க்காதே, பின் சீட்டுல பாதி தின்ன பொரிகடலைப் பொட்டலத்தை வச்சுட்டுப் போன்னு வாஷிங்டன்ல இருந்து யாரும் உத்தரவு போடலியே?

இந்தக் கூத்து 2020-லயும் நடந்துச்சு. மார்ச் 25-ந் தேதி ஊரடங்குன்னாங்க, பனியன் கம்பெனி ஷட்டரெல்லாம் இறங்குச்சு. மறுக்காத் திறந்தப்ப ஓவர்லாக் மிசினைத் தொடைச்சு, எண்ணெய் விட்டு, ஊசி மாத்தி, வேஸ்ட் துணியை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் டெய்லரை உக்கார வச்சீங்க. அதே ஆளுக வீட்டுக்கு வந்து காருல ஏறி நேராச் சாவியைத் திருகினீங்க. மிசினுக்குக் கொடுத்த மரியாதையில பாதி காருக்கு இல்லை. மிசின் சம்பாதிச்சுப் போடுது, கார் பெட்ரோல் குடிக்குது, அந்த ஓரவஞ்சனை எனக்குப் புரியுது. ஆனாலும் சொல்றேன்: நின்ன காருக்குச் சாவி முதல் வேலை அல்ல, கடைசி வேலை.

முதல்ல சாவியைப் பாக்கெட்டுல போட்டுட்டுக் காரைச் சுத்தி ஒரு நடை நட. கீழே குனிஞ்சு பாரு. எண்ணெய் சொட்டியிருக்குதா, கலர் தண்ணி ஒழுகியிருக்குதான்னு தெரியோணும். கலர் தண்ணின்னா கூலண்ட். தொப்பை இடிக்குதுன்னா கம்பெனிப் பையனைக் குனியச் சொல்லு. அவன் சொல்றதைக் காதுல வாங்கு, அதுதான் உனக்குப் பழக்கமில்லாத வேலை.

அப்புறம் பானட்டை ரெண்டு தட்டுத் தட்டு. உள்ள குடியிருக்கிறவங்களுக்கு அது நோட்டீஸ். எலி குடும்பத்தோட இருக்கும். எலி இருந்தா பாம்பும் வந்து போயிருக்கும். திறந்ததும் கையை விடாதே. டார்ச் அடிச்சுப் பாரு, நீளமான குச்சியால கிளறு. பாம்பு கண்ணுல பட்டுச்சுன்னா வீரம் காட்டாம தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடு, வந்து பிடிச்சுட்டுப் போவாங்க.

எலிக்கூடு எதுல கட்டியிருக்குதுன்னு நல்லாப் பாரு. உன்ற கட்டிங் வேஸ்டுலதான்! ஊரூரா மெக்கானிக் கை தொடைக்கிற துணியை நீ டிக்கியில ஒரு மூட்டை விட்டு வச்சிருக்கே. முப்பதாம் கவுண்ட் கோம்டு காட்டன்ல மெத்தை. பையர் பார்த்தா ஒரு கேள்வி கேக்காம அப்ரூவ் பண்ணிருவான். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திற, ஏ.சி. ஃபில்டரையும் உருவிப் பாரு, அங்கயும் பிராஞ்ச் போட்டிருக்கும். ஒயர் தோலுரிஞ்சு செம்பு தெரிஞ்சுதுன்னா அத்தோட நிறுத்து. ஆட்டோ எலெக்ட்ரீசியன் வரட்டும். டேப்பைச் சுத்தி வச்சுட்டு 'ஆச்சு மாமா'ங்காதே. செல்ஃப் அடிக்கையில ஒயரும் ஒயரும் உரசினா, ஃபியூஸ் மட்டும் போனா புண்ணியம், இல்லாட்டிப் புகை.

கண்ணாடிக்குக் கீழே வைப்பர் நிக்குதல்லோ, அந்தப் பள்ளத்தையும் பாரு. மாசி, பங்குனியில வேம்பு கொட்டின சருகெல்லாம் அங்கதான் போய்ச் சேரும். தண்ணி வடியிற ஓட்டை அடைஞ்சா, ஐப்பசி மழை நேரா உள்ள இறங்கி மிதியடிக்குக் கீழே தேங்கும். மேல படிஞ்ச தூசியைக் காஞ்ச துணியால தேய்க்காதே. காத்துல வந்த மண் அது, தேய்ச்சா பெயிண்டெல்லாம் கீறல் விழும். தண்ணி ஊத்திக் கழுவு. காக்கா எச்சத்தை ஊற வச்சு எடு.

இப்பப் பேட்டரி. உங்க கம்பெனி எலெக்ட்ரீசியன்கிட்ட மல்டிமீட்டர் இருக்கும், அதை இரவல் வாங்கு. நின்ன பேட்டரியில 12.6 வோல்ட் பக்கம் காட்டுச்சுன்னா முழுசா இருக்குது. 12-க்குக் கீழே போச்சுன்னா காலி. 'வண்டி ஓடவே இல்லியே மாமா, சார்ஜ் எங்க போச்சு?'ன்னு கேப்பே. நீ தூங்கினாலும் உன்ற காருல கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் முழிச்சுட்டு இருக்குது. துளித்துளியா உறிஞ்சி முடிச்சுருக்கும். காலியாவே கிடந்த பேட்டரியில ஈயத் தகட்டு மேல சல்ஃபேட் உப்புப் படிஞ்சு கெட்டியாயிரும். நம்மூர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். கழட்டிக்கொண்டு போய் சார்ஜ் போடற கடையில ஒரு ராத்திரி மெதுவா ஏத்தச் சொல்லு. அப்பவும் நிக்கலைன்னா புதுசு வாங்கு. கடைக்காரன்கிட்டப் பேரம் பேசு, பேட்டரிகிட்டப் பேசாதே.

அவசரம்னு ஜம்பர் ஒயர் மாட்டறதா இருந்தா ஒழுங்கு முறையா மாட்டு. சிவப்பை முதல்ல செத்த பேட்டரி பிளஸ்ல, அடுத்த முனையை நல்ல பேட்டரி பிளஸ்ல. கருப்பை நல்ல பேட்டரி மைனஸ்ல. கடைசி முனையை செத்த பேட்டரியில மாட்டாதே. அந்த இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத இரும்பு பார்த்துக் கொஞ்சம் தள்ளி மாட்டு. பேட்டரியில ஹைட்ரஜன் வாயு கசியும், அதுக்குப் பக்கத்துல தீப்பொறி பறக்கக் கூடாது. இன்னொண்ணு, தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு ஏத்த வந்து நிக்கிற லாரியைக் கண்டதும் 'அண்ணா, சித்தே பேட்டரி கொடுங்க'ன்னு ஓடாதே. பெரிய லாரியில 24 வோல்ட். உன்ற காருக்கு 12 வோல்ட். மாட்டினா கார் கம்ப்யூட்டருக்குக் காரியம்தான் பண்ணோணும்.

டேங்க்குக்கு வா. பெட்ரோல் கெடுமான்னு சிரிக்காதே. இப்ப பங்க்ல ஊத்தறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அரை டேங்க் காலியா இருந்தா அந்த அரை டேங்க்கும் காத்துதானே? ஈரம் மிஞ்சிப்போச்சுன்னா எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு அடியில தங்கிரும். பம்ப் உறிஞ்சறதும் அடியிலிருந்துதான். ரெண்டு மூணு மாசம்தான் நின்னிருந்தா, புதுப் பெட்ரோல் ஊத்திக் கலந்து ஓட்டிரலாம். அதுக்கு மேல நின்னு, மூடியைத் திறந்தா வார்னிஷ் வாசம் அடிச்சா, மெக்கானிக்கை வச்சு வடிச்சு எடுத்துரு. டீசல் வண்டின்னா ஃபில்டர்ல தேங்கின தண்ணியைத் திறந்து விடு.

டயர். பூஜை போட்டப்ப நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சியே, நான் பார்த்தேன். அதுக்கப்புறம் காத்து வச்சியா? சும்மா நின்னாலும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பி.எஸ்.ஐ. இறங்கிரும். எவ்வளவு அடிக்கோணும்னு டிரைவர் கதவைத் திறந்தா தூண்லயே ஒட்டியிருக்கும், பஞ்சர் கடைக்காரன் வாயைப் பார்க்காதே. ஸ்டெப்னிக்கும் அடி, அதை நீ கார் வாங்கின அன்னைக்குப் பார்த்தது. ஒரே இடத்துல நின்ன டயரு கொஞ்ச தூரம் கடகடங்கும், ஓட ஓடச் சரியாயிரும். சரியாகலைன்னாலும், பக்கவாட்டுல வெடிப்பு இருந்தாலும் மாத்திரு. டயர்ல நாலு இலக்கம் பொறிச்சிருக்கும். 2319-னா 2019-ஆம் வருசம் 23-ஆம் வாரத்துல செஞ்சது. பையர் அனுப்பற லேபிள்ல ஒரு எழுத்துப் பிசகினா கண்டுபிடிக்கிறே, இதைப் படிக்க முடியாதா?

பிரேக்தான் முக்கியம். கிளம்பறதுல தாமதமானா பரவாயில்லை, நிக்கறதுல தாமதமாகக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுட்டுப் போயிருக்கே, அது டிரம்மோட ஒட்டியிருக்கும். ஆக்சிலேட்டரை மிதிச்சு உலுக்காதே. முன்னயும் பின்னயும் மெதுவா அசைச்சுப் பாரு, விடலைன்னா மெக்கானிக். டிஸ்க் மேல மெலிசாப் படிஞ்ச துரு நாலு தடவை பிரேக் பிடிச்சாப் போயிரும். பிரேக் ஆயிலும் ஈரம் குடிக்கிற சாதிதான். மாத்தி ரெண்டு வருசம் ஆச்சுன்னா மாத்து. இன்ஜின் ஆயில் கேஜை உருவிப் பாரு. பால் கலந்த காப்பி நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்குது, ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதே. நல்லா இருந்தாலும், 'ஓடவே இல்லியே, எதுக்கு மாத்தோணும்'னு கணக்குப் பேசாதே. ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, மாசக் கணக்கும் உண்டு.

இத்தனையும் பார்த்தாச்சா? இப்பத் திருகு சாவியை. லைட், ஏ.சி., பாட்டு எல்லாம் அணைச்சிருக்கட்டும். டீசல்னா டேஷ்போர்டுல சுருள் படம் போட்ட விளக்கு அணையற வரைக்கும் பொறு. செல்ஃபை விடாம அடிக்காதே. சித்தே அடி, சித்தே நிறுத்து. பிடிச்சுக்கிச்சுன்னா உறுமவிட்டுத் தெருவைக் கூட்டாதே. எண்ணெய் அப்பத்தான் மேல ஏறுது. ஆயில் விளக்கு சில நொடியில அணையோணும், அணையலைன்னா உடனே நிறுத்து. பத்து நிமிசம் நின்ன இடத்துலயே ஓடவிட்டுட்டு பேட்டரி சார்ஜ் ஆயிருச்சுன்னு நம்பாதே. இறங்கின பேட்டரியை ஒண்ணுமில்லாததுல இருந்து ஏத்தறது டைனமோ வேலை அல்ல.

முதல் ஓட்டத்துக்குப் பழனிக்கு வேண்டிக்காதே, முருகன் காத்திருப்பாரு. ஞாயித்துக்கிழமை விடிகாலையில அவிநாசி வரைக்கும் போய்த் திரும்பு. சனிக்கிழமை சம்பளம் வாங்கின கூட்டம் நம்மூர் குமரன் ரோட்டுல நிறைஞ்சு நிக்கும்போது அங்க கொண்டுபோய் பிரேக் சோதனை பண்ணாதே.

அதுக்கு முன்னால காகிதத்தைப் பாரு. 2020 பிப்ரவரி 1-க்கு அப்புறம் காலாவதியான லைசென்ஸ், ஆர்.சி., எஃப்.சி. எல்லாத்துக்கும் டெல்லிக்காரங்க 2021 அக்டோபர் 31 வரைக்கும் நீட்டிச்சு நீட்டிச்சுக் கொடுத்தாங்க. அந்தச் சலுகை அதோட முடிஞ்சுது. இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுக்கு வந்தா முதல் தடவை அபராதமே 2,000 ரூபா. ஒருத்தர் மேல மோதிட்டாக் கேஸ் வேற, நஷ்டஈடும் உன்ற தலையில. காலாவதியாகி 90 நாள் தாண்டிட்டா இத்தனை வருசம் சேர்த்து வச்ச நோ கிளெய்ம் போனஸும் போச்சு. புகைச் சான்றையும் பார்த்துக்க.

'பழசாயிருச்சு மாமா, அதான்'னு மட்டும் சொல்லிராதே. ஜி.டி. நாயுடு 1920-ல ஒத்தை பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டினாரு, நம்ம உடுமலைப்பேட்டை வழியாத்தான். கோயமுத்தூர் அவிநாசி ரோட்டுல அவர் பேருல கார் மியூசியமே இருக்குது. உன்ற தாத்தன் காலத்துக் காரெல்லாம் அங்க பளபளன்னு நிக்குது. வயசு காரைக் கொல்றதில்லை.

அடுத்த தடவை நிறுத்தறதா இருந்தா இதையும் காதுல போட்டுக்க. டேங்க்கை நிரப்பு. காரைக் கழுவித் தொடை. உள்ள தின்பண்டம் ஒரு துளி இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் வேண்டாம். கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல் வை. பேட்டரி மைனஸைக் கழட்டி வை. பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தி உள்ளயே வேர்க்க விடாதே. காத்துப் போற துணி போதும். பருத்தித் துணியை ஊருக்கெல்லாம் அனுப்பற ஆளுக்கு அதுக்குமா நான் கடை காட்டோணும்?

எல்லாத்தையும் விட மலிவான வைத்தியம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அரை மணி நேரம் ஓட்டறது. அந்த அரை மணி நேரமும் இல்லைன்னா காரை வித்துப்போடு மாப்ளே. ஓட்டறவன் வாங்கிட்டுப் போகட்டும்.