மூன்றாம் வரிசை மாமா

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஏதாவது ஒரு சபாவில், மூன்றாம் வரிசை ஓர நாற்காலியில் அவரைப் பார்க்கலாம். பாடகி ஆலாபனைக்கு வாய் திறந்து மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் மாமாவின் தீர்ப்பு வந்துவிடும்: "ஷண்முகப்ரியா!"

சொன்னது பக்கத்து நாற்காலிக்கு. பால்கனி வரைக்கும் கேட்கும்.

பக்கத்தில் இருந்த, வீணை கற்கும் பெண் தயங்கித் தயங்கி, "சிம்மேந்திர மத்யமம் மாதிரி இருக்கே மாமா" என்றாள். தயங்க வேண்டிய இடம்தான். 72 மேளகர்த்தா ராகங்களில் ஷண்முகப்ரியா 56, சிம்மேந்திர மத்யமம் 57. நிஷாதம் ஒன்றுதான் வித்தியாசம். முன்னதற்குக் கைசிகி, பின்னதற்குக் காகலி.

"எனக்கா சொல்றே? செம்மங்குடியையே நேர்ல கேட்டவன்மா நான். இந்தப் பொண்ணு நிஷாதத்தைத் தப்பாப் பிடிக்கறா."

வயலினிலும் அதே நிஷாதம் வந்தது. "பாவம், பாட்டுக்காரியை அனுசரிச்சுப் போறார்." கீர்த்தனைக்கு முன் பாடகி மைக்கில் ராகத்தின் பெயரையே சொன்னார். "பதற்றத்துல வாய் தவறிடுத்து." மொத்த மேடையையும் மாமா பெருந்தன்மையோடு மன்னித்தார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பழைய வெற்றி. வாலிப வயதில், யாரோ வீட்டுக் கல்யாணக் கச்சேரியில் ஹிந்தோளத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். மாமனார் வீட்டு மனுஷர்கள் அசந்துபோனார்கள். அத்தோடு கற்றது போதும் என்று தோன்றிவிட்டது. கல்யாணி, மோகனம், ஹிந்தோளம் மூன்றும் இன்றைக்கும் அத்துப்படி. பாடகர்கள்தாம் வீம்புக்கென்று மற்றவற்றையும் பாடித் தொலைக்கிறார்கள்.

தாளமும் அப்படித்தான். ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு வந்தாலும் அவர் தொடையில் எட்டு எண்ணிக்கை ஆதிதான் விழும். கை இடிக்கும்போதெல்லாம் மிருதங்கக்காரரை ஒரு பார்வை பார்ப்பார், பாருங்கள், அந்த மனிதர் நிமிராமல் வாசிப்பதே நல்லது.

டிசம்பர் காலைகளில் மியூசிக் அகாடமியில் 'லெக்-டெம்' என்கிற செயல்முறை விளக்க உரை நடக்கும். கச்சேரி செய்கிற வித்வான்களே வந்து உட்கார்ந்து கேட்பார்கள். மாமா அந்த நேரம் கேன்டீனில் இருப்பார். "அதெல்லாம் தெரியாதவாளுக்கு."

வீணைப் பெண் ஒருநாள் உரை முடிந்து காபிக்கு வந்தாள்.

"இன்னிக்கு என்னம்மா தலைப்பு?"

"பைரவிக்கும் மாஞ்சிக்கும் என்ன வித்தியாசம்னு, மாமா."

"நன்னாத்தான் பேசியிருப்பார்" என்றார் மாமா, இரண்டாவது வடையைப் பிட்டபடி. "மாஞ்சியிலதான் கோட்டை விட்டிருப்பார்."