எட்டில் ஒன்று, எதில் ஒன்று?

பங்குக் கணக்கில் நம்மை வெல்ல ஆளில்லை. புத்தளம் தில்லையடியில் ஒரு வாப்பா மௌத்தாகிறார் என்று வையுங்கள். அவருடைய தாய் தகப்பன் முன்னமே போய்விட்டார்கள். இருப்பது மனைவி, இரண்டு ஆண், மூன்று பெண். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. கூட்டிப் பாருங்கள்: மனைவிக்கு ஒரு பங்கு, மகள்மாருக்கு மூன்று, மகன்மாருக்கு நாலு. மொத்தம் எட்டு. ஒரு சல்லி கூடவுமில்லை, குறையவுமில்லை. சாசனம் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் ஆதனத்தை அவருடைய மார்க்கப்படியே பிரிக்கலாம் என்று 1931இல் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே கணக்கு முடிந்த விஷயம்.

எல்லாம் சரி. எட்டாகப் பிரிக்க வேண்டிய அந்த ஒன்று எங்கே இருக்கிறது?

அலுமாரிக்கு மேலே, ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. மடிப்பு மடிப்பாய்க் கிழிந்து, செலோடேப் ஒட்டி, ஒட்டிய இடம் மஞ்சளாகிப்போன ஓர் உறுதி. யாழ்ப்பாணத்து நொத்தாரிசு எழுதியது. இத்தனை பரப்பு, இத்தனை குழி, கிழக்கு எல்லை ஒழுங்கை, மேற்கு எல்லை இன்னாருடைய வளவு, அதோடு கிணற்றில் பங்கும் தண்ணீர் அள்ளும் உரிமையும் வழிவாய்க்கால் உரிமையும். கிணற்றில் பங்குள்ள அந்தச் சீமாட்டி இங்கே பவுசர் வரும்வரை வாளியோடு வரிசையில் நின்றே கிழவியானாள்.

இந்தப் பையாவது இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கெடு கொடுத்தார்கள். பலரிடம் நகையோடு உறுதியும் போனது. வெறுங்கையோடு புத்தளம் வந்து சேர்ந்தோம். தமிழ் பேசும் மக்களின் விடுதலைக்காகப் போராடியவர்கள், தமிழ் பேசிய அயலவளின் காதுத் தோட்டைக்கூட விடுதலை செய்துவிட்டார்கள். 2002இல் கிளிநொச்சியில் வருத்தம் தெரிவித்தார்கள். வருத்தத்தை எட்டாகப் பிரித்தால் உம்மாவுக்கு எவ்வளவு வரும் என்று எந்த மௌலவியும் இன்னும் சொல்லவில்லை.

அடுத்தது நாட்டின் சட்டம். பிறத்தியான் ஒருவன் உன் காணியைத் தடங்கலில்லாமல் பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் காணி அவனுக்கு. நீ ஏன் வந்து தடுக்கவில்லை என்று கேட்கிறது சட்டம். துவக்குக்கு முன்னால் எப்படித் தடுப்பது என்று நாங்கள் கேட்ட கேள்வி பாராளுமன்றத்தை எட்ட 2016 ஆனது. அந்த வருடம் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது: 1983 மே 1 தொடங்கி 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களால் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு அந்தக் காலம் கணக்கில் சேராது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டியிருந்தது. இருபத்தாறு வருட அநியாயத்துக்கு இரண்டு வருட அவகாசம்! கெடு கொடுப்பதில் நம் ஆட்களுக்குள் பேதமே இல்லை. ஒருவர் மணிக்கணக்கில் கொடுத்தார், மற்றவர் வருடக்கணக்கில் கொடுத்தார்.

மன்னார் முசலிக்காரரின் கதை இன்னும் விசேஷம். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி வளவுகளை மனிதர் யாரும் ஆண்டு அனுபவிக்கவில்லை. பாலையும் வீரையும் முளைத்து அனுபவித்தன. ஆளில்லாத ஊரில் காடு வளராமல் வேறென்ன வளரும்? 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மொஸ்கோவில் இருந்தபடியே கையொப்பமிட்டு, 40,000 ஹெக்டேயருக்கு மேல் மாவில்லு வனமாக்கினார். எங்கள் மேய்ச்சல் தரையும் வயலும் அதற்குள் போய்விட்டன என்று ஊர்ச்சனம் சத்தியாக்கிரகம் இருந்தது. மனிதனிடம் உறுதி கேட்கிற அரசாங்கம் மரத்திடம் ஒன்றும் கேட்பதில்லை.

அங்கே பலருக்கு உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரம்தான். அதற்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். முஸ்லிம் பெண்ணுக்கு அரைப் பங்குதானே என்று தொலைக்காட்சியில் கண்ணீர் விடும் கனவான்களே, இதையும் கொஞ்சம் வாசியுங்கள். பின்னுரித்தாளரைக் குறிக்காமல் ஒருவர் இறந்தால் மனைவி ஆயுள்வரை இருந்துகொள்ள முடிந்தது. மறுமணம் செய்தால் அதுவும் போனது. அதற்குப் பிறகு காணி ஒரே ஒருவருக்குத்தான் போனது. வரிசையில் முதலில் மகன், அவனுக்குக் கீழே மகள் என்றிருந்தது. மகன் ஒருவன் இருந்தால் அவளுக்கு அரையுமில்லை, காலுமில்லை, பூச்சியம்தான் கிடைத்தது. இந்தப் பூச்சியத்தை அழிக்க அரசுக்கு 2022 வரை எடுத்தது. எண்பத்தேழு வருடம்!

நாம் மட்டும் என்ன யோக்கியமா? அரைப் பங்கு அல்லாஹ் விதித்தது என்று மீசை முறுக்குகிற காக்காமார், தங்கச்சி கேட்டு வந்தால் ‘உன் மாப்பிள்ளைக்குத்தான் கைக்கூலி கொடுத்து அனுப்பினோமே’ என்பார்கள். மார்க்கத்தில் இல்லாத கைக்கூலியால் மார்க்கத்தில் இருக்கிற பங்கைக் கழிக்கிற இந்தக் கணக்கை எந்த மத்ரஸாவில் படித்தார்கள்? தங்கள் கல்யாணத்துக்கு மைத்துனனிடம் கேட்டு வாங்கிய கைக்கூலியும் அதே மத்ரஸாப் பாடம்தான் போலும்.

வாக்கு மட்டும் தவறாமல் வாரிசுக்கு வந்தது. வாப்பாவின் காணி மகனுக்குக் கிடைக்காவிட்டாலும் மன்னார் வாக்காளர் இடாப்பில் இடம் கிடைத்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்களைத் தந்திரிமலைப் பக்கம் மறித்துச் சுட்டார்கள். உயிர்ச்சேதமில்லை. பஸ் விட்ட பெரிய மனிதர்கள் காணிக் கந்தோருக்கு ஒரு நாளாவது பஸ் விட்டதுண்டா?

அரசாங்கம் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றுமே எழுதி வைக்கவில்லை என்று சொன்னால் நன்றி மறந்தவனாவேன். எங்கள் புத்தளத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம். மின்சாரம் நாட்டுக்கு, சாம்பல் எங்களுக்கு. 2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்புப் பக்கத்து மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். கொழும்புக் குப்பைக்குப் பார்த்து வைத்திருந்த இடம் எங்கள் அருவாக்காடு, சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகள். ஊர் திரண்டு வேண்டாம் என்று கத்தியும் குப்பை வந்தது. இந்த ஆதனத்துக்கு மட்டும் யாரும் உறுதி கேட்கவில்லை, வாரிசுச் சான்று கேட்கவில்லை, கெடுவும் வைக்கவில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லாமல் சரிசமமாகவே பங்கிட்டார்கள்.

காக்காமாரே, தங்கச்சியின் பங்கை வாயால் சொல்லாமல் நொத்தாரிசிடம் போய் உறுதியில் எழுதிக்கொடுங்கள். மந்திரிமாரே, காடென்று கோடு போட்ட இடத்தில் ஊர் எது, வயல் எது என்று கிராம அலுவலரோடு இறங்கி நடந்து பார்த்து, உள்ளதை உரியவருக்கு எழுதிக் கொடுங்கள். 1990இல் கைக்குழந்தையோடு வந்த உம்மாமார் பலர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய எட்டில் ஒன்றை அவர்களுடைய மௌத்துக்குப் பிறகு பிரித்து யாருக்கு என்ன பிரயோசனம்?