மதுரை தெரிந்தவர்

கொடைக்கானல் மலையில் இருக்கிற கூக்காலில் கல்யாணம் நிச்சயமானால், முகூர்த்தம் குறித்த கையோடு தேடுகிற ஆள் 'மதுரை தெரிந்தவர்'. பூண்டு மூட்டையோடு வடுகபட்டி சந்தைக்கு இறங்கும்போதெல்லாம், அப்படியே ஒரு எட்டு மதுரைக்கும் போய்வந்து சம்பாதித்த பட்டம் அது. அவர் இல்லாமல் ஜவுளி எடுத்தால் சாயம் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை.

ஆறாயிரம் அடி உயரத்தில் மாட்டிய குல்லாவை வத்தலக்குண்டு வெக்கையிலும் கழற்ற மாட்டார். கூட்டத்தில் அவரை அடையாளம் கண்டு பின்னால் வர நமக்கு வசதியாம்! மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் குரலே மாறிவிடும். "எம் பின்னாடியே வாங்க. யாரும் வெல கேக்கப்படாது. நான் கேப்பேன்."

சிக்கல் என்னவென்றால், அவருக்குத் தெரிந்த மதுரை இப்போது மதுரையில் இல்லை. "தங்கம் தியேட்டரத் தாண்டினா ஜவுளிக்கடை" என்று நடத்திக்கொண்டே போவார். 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர் அது. இடித்து, அங்கேயே பெரிய ஜவுளிக்கடை கட்டி வருஷங்களாயிற்று. ஜவுளி எடுக்க வந்தவர்களை அந்தக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தியேட்டரைத் தேடப் போவார் மனிதர்.

ரவிக்கை தைக்கப் புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின் கடகடத்தது ஒரு காலம். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு லீவு போல" என்பார். விளக்குத்தூணை நட்டது ராணி மங்கம்மாள் என்பார். அது கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது என்று காலேஜ் படிக்கிற பிள்ளை வாய் திறப்பதற்குள், கையில் ஒரு ஜிகர்தண்டாவைத் திணித்துவிடுவார்.

ராத்திரி பத்து மணிக்குக் கூக்காலில் நாய்கூடக் குரைக்காது. இங்கே அப்போதுதான் இட்லிக்கடையில் இரண்டாவது ஈடு இறக்குகிறார்கள். தூங்கி விழும் பெரியம்மாவை எழுப்பி, "நாலு சட்னி, நாலையும் தொட்டுப் பாருங்க" என்று உபசரிப்பார், ஏதோ தானே அரைத்ததைப் போல.

ஆனால், கீழமாசி வீதியில் ஆளே வேறு. 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று அட்டை செருகிய குவியலைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். ஒரு பல்லை எடுத்து, தோலுரித்து, நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோவார்.

"இது வடக்க இருந்து வந்த சரக்கு. எங்க பூண்ட உரிச்சா ரெண்டு நாளைக்கு வெரல்ல வாசம் போகாது. 2019லயே புவிசார் குறியீடு வாங்கினது, தெரியுமா?"

"அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"

"கூக்கால்."

கடைக்காரர் அட்டையை மெல்லத் திருப்பி வைக்கிறார்.

ஆகவே, மலைப்பூண்டு வாங்குவதானால் இவரைக் கூட்டிப் போங்கள். வழி மட்டும் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.