மாடி வீட்டு மோட்டார் பேசுகிறேன்

2021 பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் திடீரென்று எல்லோருக்கும் அந்தரங்கம் வந்துவிட்டது. அதுவரை யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. சித்தப்பாவின் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைக் குரூப்பே பார்த்துக் கருத்துச் சொல்லியிருக்கிறது. பெரியம்மா பல்செட்டுக்கு அளவு கொடுக்கும் படம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஆனால் பிப்ரவரி 8-க்குள் புதிய தனியுரிமைக் கொள்கைக்குச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று வாட்ஸ்அப் அறிவித்ததும் எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது.

முதல் வெடியைக் கொளுத்திப் போட்டவர் பெரியப்பா. கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்து மூலமாகச் செய்ய வேண்டும் என்பவர். தன் படங்களையும் செய்திகளையும் பயன்படுத்த மேற்படி நிறுவனத்துக்கு அனுமதி இல்லை, மீறினால் ரோம் சட்டப்படி நடவடிக்கை பாயும், இதைப் படிப்பவர்கள் உடனே நகலெடுத்துப் போடவும் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார். ஃபேஸ்புக்கில் பல வருஷங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய சரக்கு அது. அதில் வரும் ரோம் சட்டம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைப்பதற்காக 1998-ல் போடப்பட்ட ஒப்பந்தம். இனப்படுகொலையும் போர்க்குற்றமும் விசாரிக்கிற இடம். பீமரத சாந்தியில் பெரியப்பா மாலையோடு நிற்கும் படத்தை யாராவது சுட்டுவிட்டால் அதை விசாரிக்க அங்கே பெஞ்ச் கிடையாது. தவிர, அந்த ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. பெரியப்பா போட்டுவிட்டார்.

அதே வாரம் ஈலான் மஸ்க் 'சிக்னல் பயன்படுத்துங்கள்' என்று ட்வீட் செய்தார். அவர் சொன்னது செய்தி அனுப்பும் செயலியை. அமெரிக்காவில் ஆட்கள் விழுந்தடித்துக்கொண்டு, பெயரில் சிக்னல் இருந்த, துளியும் சம்பந்தமில்லாத ஒரு குட்டிக் கம்பெனியின் பங்கை வாங்கி அதைப் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். எங்கள் குடும்பம் அவ்வளவு மோசமில்லை. பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் சித்தப்பா பையன் சிக்னலில் புதுக் குரூப் ஆரம்பித்து, அதன் லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டான். எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்துவிட்ட விவரத்தை வாட்ஸ்அப்பில் வந்து சொன்னார்கள். பொங்கலன்று சிக்னலில் அவன் ஒருவன் மட்டும் வாழ்த்துச் சொன்னான், தன்னந்தனியாக, மிகுந்த பாதுகாப்புடன்.

அந்தப் பக்கமும் பதற்றம்தான். செய்தி அனுப்பக் காசு எதற்கு என்று உலகத்துக்கே கற்றுக்கொடுத்த வாட்ஸ்அப், இந்தியப் பத்திரிகைகளில் காசு கொடுத்து முழுப் பக்க விளம்பரம் போட்டு, உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம் என்றது. கெடுவை மே 15-க்குத் தள்ளியது. மே மாதத்துக்குள் நாங்கள் எல்லோரும் கோபத்தை மறந்து பச்சைப் பொத்தானை அமுக்கியிருந்தோம். மறக்காதது இந்தியப் போட்டி ஆணையம் மட்டும்தான். 'ஒத்துக்கொள், இல்லாவிட்டால் கிளம்பு' என்கிற தோரணை செல்லாது என்று 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்குள் பெரியப்பா வேறு பிரகடனங்களுக்குப் போய்விட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபேஸ்புக்கோடு விவரம் பகிரும் வழக்கம் 2016 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. விளம்பரத்துக்காக என் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று மறுக்க, பழைய பயனர்களுக்கு 30 நாள் அவகாசமும் அப்போது கொடுத்தார்கள். அந்த 30 நாளும் எங்கள் குடும்பம் எங்கே போயிருந்தது என்று விசாரித்தேன். ஜியோ சிம் வாங்க வரிசையில் நின்றிருக்கிறது, கட்டைவிரல் ரேகையைக் கொடுப்பதற்காக.

எங்கள் ஆட்களின் பயமெல்லாம், யாரோ உட்கார்ந்து மெசேஜைப் படித்துவிடுவார்கள் என்பதுதான். எனக்கு அந்தப் பயம் இல்லை. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி செய்தி பூட்டப்பட்டிருக்கிறது, புதிய கொள்கை அதைத் தொடவில்லை என்பது ஒரு காரணம். எங்கள் குரூப்பின் செய்திகளைப் படிக்க வெளியாள் ஒருவர் முன்வந்தால் அவருக்குச் சம்பளத்தை நாங்களே கொடுத்துவிடலாம் என்பது இன்னொன்று. உள்ளே இருப்பவர்கள் யாரும் படிப்பதில்லை.

என் கவலை வேறு. கொஞ்ச நாளைக்கு முன் கூரியர் பையன் ஒருவன் வாசலில் இருந்து கூப்பிட்டான்.

"சார், மாடி வீட்டு மோட்டாருங்களா?"

"யாருப்பா?"

"உங்க நம்பர் போட்டதும் அப்படித்தான் சார் காட்டுது."

அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி ஒன்றை அவன் வைத்திருந்தான். இந்த வகைச் செயலிகளில் சில, ஊரில் உள்ளவர்கள் தங்கள் ஃபோனில் உங்களை எந்தப் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்களோ அதையெல்லாம் திரட்டி, உலகத்துக்கு உங்களை அறிமுகம் செய்துவைக்கின்றன. கீழ் வீட்டுக்காரர் நல்ல மனிதர். தொட்டி நிரம்பி வழியும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவார். ஆகவே அவர் ஃபோனில் எனக்கு அந்தப் பெயர். இருபது வருஷம் கதை, கட்டுரை எழுதி நான் சம்பாதித்த பெயரை அவர் ஒரு தடவை தட்டச்சு செய்து முந்திவிட்டார்.

இந்த விவகாரத்தின் கதவு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நாம் என்ன கொடுத்தோம் என்று பார்ப்பதைவிட, நம்மைத் தெரிந்தவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பின் 2016-ஆம் வருஷக் கொள்கையில் ஒரு ஷரத்து உண்டு. உங்கள் ஃபோனில் உள்ள எண்களை, செயலியைப் பயன்படுத்தாதவர்களின் எண்கள் உட்பட, அவ்வப்போது எங்களுக்குத் தருகிறீர்கள். அப்படித் தர உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி கூறுகிறீர்கள் என்பது அதன் சாரம். அப்படியென்றால் என் எண்ணை ஒப்படைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு என்று கீழ் வீட்டுக்காரர் சத்தியம் செய்திருக்கிறார். கேபிள்காரர் செய்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டவனும் செய்திருக்கிறான். எங்கள் அக்காவின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றிக்கொண்ட பிறகு, 'பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?' என்று யாரோ கேட்டார்களே, அந்த அக்காவின் நிலைமைதான் எனக்கு. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

ஃபேஸ்புக்கின் கணக்கில் இந்தியர்களின் பெருந்தன்மைக்கு ஆதாரமே இருக்கிறது. ஃபேஸ்புக் பயனர்களின் விவரம் ஒரு செயலி வழியாகக் கசிந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018-ல் வெடித்தபோது, ஆளுமையைக் கணித்துச் சொல்லும் அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர் என்று ஃபேஸ்புக் சொன்னது. விவரம் கசிந்திருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர். நிறுவியவர்களைக் கழித்துவிட்டால் மீதி அத்தனை பேரும் நண்பர்கள். யாரோ ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்த மத்தியானத்தில், தான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதற்குப் பக்கத்தில் நின்றவர்கள்.

2013-ல் அதே கம்பெனியில் இன்னொரு கூத்து. தங்களைப் பற்றிய தகவலைத் தரவிறக்கிப் பார்த்தவர்களுக்கு, மற்றவர்களின் ஃபோன் எண்ணும் மின்னஞ்சலும் சேர்ந்து வந்தன. சுமார் 60 லட்சம் பேருடையவை. அந்த எண்ணைக் கணக்கில் உரியவர் கொடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வேறு யாராவது தன் முகவரிப் பட்டியலை ஏற்றும்போது கூடவே ஏறியிருந்தாலும் போதும். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில், கணக்கே இல்லாதவர்களைப் பற்றியும் விவரம் வைத்திருக்கிறீர்களா என்று மார்க் ஸக்கர்பெர்க்கைக் கேட்டார்கள். பாதுகாப்புக்காகச் சேகரிப்பதுண்டு என்றார். ஃபேஸ்புக்கில் நான் இல்லவே இல்லை என்று கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லும் ஆட்களை அதற்குப் பிறகு நான் பரிதாபத்தோடு பார்க்கிறேன்.

எல்லாமே சிரிக்கிற சங்கதியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "ஹலோ, மிஸ்டர் கல் கொத்தணும்?" என்றது ஓர் ஆண் குரல். கிரைண்டர் ரிப்பேர் செய்கிறவர் ஏதோ கடன் செயலியில் கொஞ்சம் பணம் வாங்கியிருக்கிறார். தவணை தவறியதும் அவர் ஃபோனில் இருந்த அத்தனை பேருக்கும் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு ஆட்டுக்கல் வேலை பாக்கி இருந்ததால் என் பெயர் அப்படி. உங்க ஆள் பணம் கட்டலை, நீங்க கட்டுங்க என்றான். அவரை மிரட்டிய மிரட்டல் இதைவிடப் பல மடங்கு. இப்படிச் சொந்தக்காரர், முதலாளி, பிள்ளையின் வாத்தியார் வரை கூப்பிட்டு மானத்தை வாங்கியதில் நாட்டில் உயிரை விட்டவர்கள் உண்டு. அதன் பிறகே கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதித்தது. அடுத்த வருஷம் கூகுளும் தன் கடையில் அதைத் தடை செய்தது. கிரைண்டர்காரர் வந்து கல்லைக் கொத்திக் கொடுத்துவிட்டு, கூலி வேண்டாம் சார் என்று தலையைக் குனிந்துகொண்டே போனார். அவர் எதற்குக் கூச்சப்பட வேண்டும் என்று எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

படித்துப் பார்த்துச் சம்மதிக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நார்வேயின் நுகர்வோர் மன்றம் 2016-ல் அதையும் செய்து பார்த்துவிட்டது. ஒரு சராசரி ஃபோனில் இருக்கும் செயலிகளின் விதிமுறைகளை ஆள் மாற்றி ஆள் உரக்கப் படித்து நேரலையில் ஒளிபரப்பினார்கள். முடிக்க ஏறக்குறைய 32 மணி நேரம் ஆயிற்று. படித்தால் மட்டும் என்ன? ஆண்ட்ராய்டில் ஒரு டார்ச் லைட் செயலி இருந்தது. வெளிச்சம் அடிப்பது ஒன்றுதான் வேலை. ஆனால் நீங்கள் எந்த இருட்டில் நிற்கிறீர்கள் என்பதையும் விளம்பரக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. விதிமுறையைக் காட்டி, சம்மதமா இல்லையா என்று கேட்கும், நீங்கள் பதில் சொல்வதற்கு முன்பே அனுப்பத் தொடங்கியும்விடும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2013-ல் பிடித்தது. பதிலுக்குக் காத்திருக்காமல் கேள்வி கேட்பது எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே உரிய திறமை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நம் நாட்டிலும் சட்டம் வந்தாயிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். 2023-ல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில். கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர மேலும் 18 மாதம் அவகாசம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் பார்க்க வசதி வேண்டும் என்கிறது சட்டம். ஆக, இனிமேல் படிக்காமல் தமிழிலேயே சம்மதிக்கலாம். தவறு செய்யும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். பொதுஜனத்துக்கும் சில கடமைகள் உண்டு. பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை. பெரியப்பாவிடம் இதைச் சொல்லவேண்டும்.

சட்டத்தைப் புரட்டியபோது 3-ஆம் பிரிவில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. தனிநபர் ஒருவர் சொந்தக் காரியத்துக்காகவோ வீட்டுக் காரியத்துக்காகவோ வைத்திருக்கும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நியாயம்தான், பாட்டியின் டைரிக்கெல்லாம் தணிக்கை நடத்த முடியாது. ஆனால் கம்பெனியைக் கட்டிப்போட்டவர்கள் அத்தையை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.

அத்தைக்கு எழுபது வயது, புது ஃபோன். எந்தச் செயலி எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார். கேட்டுவிட்டவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அவருக்கு இல்லை. போன மாதம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு செயலிக்கும் தொடர்புப் பட்டியலை அடைத்துக்கொண்டே வந்தேன்.

"எதுக்குடா இதெல்லாம்?"

"என் விவரமெல்லாம் வெளியே போகுது அத்தை. என் நம்பரை வேற பேர்ல போட்டு வைங்களேன். சுருக்கமா."

"இப்பவே சுருக்கம்தானே?" என்று ஃபோனை நீட்டினார்.

பார்த்தேன். பெயர் எழுதும் கட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது: 'அண்ணன்பையன் பூரட்டாதி ஓபாசிட்டிவ் சுகர்உண்டு வீட்டுலோன் முடியல'.

"நட்சத்திரம் எதுக்கு அத்தை இதுல?"

"நீ கூப்பிடறப்போ உனக்கு அன்னிக்குச் சந்திராஷ்டமமான்னு பார்த்துட்டுத்தான்டா எடுப்பேன்."